கல்லாவுக்குப் பூட்டு உண்டு, கணக்குக்கு உண்டா?



இரவு கடை அடைக்கும்போது ஷட்டரை இறக்கி, இரண்டு பக்கமும் பூட்டுப் போட்டு, பூட்டை ஒருமுறைக்கு இருமுறை இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் நாம் புறப்படுகிறோம். கல்லாவில் ரொக்கம் விட்டு வைப்பதில்லை. சரக்குக்குத் தீ விபத்து இன்சூரன்ஸ் கட்டுகிறோம். எலிக்குப் பொறி வைக்கிறோம். இவ்வளவு முன்யோசனை உள்ள நாம், கடையின் உயிரான கணக்கை மட்டும், மேஜைக்கு அடியில் தூசி படிந்து கிடக்கும் ஒரே ஒரு கம்ப்யூட்டர் பெட்டிக்குள் விட்டுவிட்டுப் போகிறோம். அந்தப் பெட்டிக்குள் சுழலும் ஒரு தட்டு நாளைக் காலை சுழலாமல் நின்றுவிட்டால், யார் நமக்கு எவ்வளவு தரவேண்டும், நாம் யாருக்கு எவ்வளவு தரவேண்டும் என்பதைச் சொல்ல ஆள் இல்லை.

கணக்குக்கு மாற்றுப் பிரதி வைப்பது கம்ப்யூட்டர்காரர்களின் வேலை அல்ல. அது வணிகரின் வேலை. அதை மனிதர் ஞாபகத்தை நம்பிச் செய்யக் கூடாது. தானாக நடக்கும்படி செய்யவேண்டும். அதற்கு இன்று சிறு கடைக்காரர் கைக்கு எட்டும் தூரத்தில் உள்ள நல்ல வழி, வீட்டில் வைக்கும் ஒரு நெட்வொர்க் டிரைவ். இதுவே இக்கட்டுரையின் கருத்து. காரணங்களையும், செய்யும் முறையையும், கவனிக்க வேண்டிய ஆபத்துகளையும் கீழே எடுத்துச் சொல்கிறோம்.

பேரேடு காலத்துக் காவல்

நம் தகப்பனார் காலத்தில் நாள்வழி தனி, பேரேடு தனி. பில் போட்டால் கார்பன் வைத்து இரண்டு படி. கடன் வாங்கும் வாடிக்கைக்காரர் கையில் ஒரு சின்ன நோட்டு. மொத்த வியாபாரியிடம் நம் பெயருக்கு ஒரு பக்கம். ஆக, ஒரே வரவு செலவு நான்கு இடத்தில் எழுதப்பட்டிருந்தது. பேரேட்டைக் கரையான் தின்றாலும், நாள்வழியையும் கார்பன் படியையும் வைத்துக் கணக்குப்பிள்ளை பத்து நாள் உட்கார்ந்தால் பேரேட்டைத் திரும்ப எழுதிவிடலாம். யாரும் அதற்கு 'பேக்கப்' என்று பெயர் வைக்கவில்லை. தொழில் முறையிலேயே அந்தக் காவல் இருந்தது.

கம்ப்யூட்டர் வந்தபோது வேலை குறைந்தது, கணக்கு சுத்தமாயிற்று, இருப்பு எவ்வளவு என்று ஒரு நொடியில் தெரிகிறது. ஆனால் நாள்வழி, பேரேடு, பில், ஐந்தொகை எல்லாம் ஒரே தட்டில் ஒரே கோப்புக்குள் போய் உட்கார்ந்துவிட்டன. நான்கு இடத்தில் இருந்தது ஓரிடத்தில் சுருங்கிவிட்டது. இதை நாம் கவனிக்கவில்லை. இன்றும் ஆயுத பூஜைக்குத் தராசுக்கும் கல்லாவுக்கும் வைப்பதுபோல் கம்ப்யூட்டருக்கும் சந்தனம் குங்குமம் வைக்கிறோம். சந்தனம் வைத்தால் மட்டும் தட்டு பழுதாகாமல் இருக்குமா?

இழப்பு எவ்வளவு?

ஒரு பலசரக்குக் கடையை உதாரணத்துக்கு எடுத்துக்கொள்வோம். மாதக் கணக்கில் வாங்கும் குடும்பங்கள் 150. ஒரு குடும்பத்துக்குச் சராசரி பாக்கி ரூ. 4,000 என்றால் வெளியில் நிற்கும் பணம் ரூ. 6 லட்சம். ஒரு மொத்த வியாபாரிக்கு 60 கடைகள், கடைக்கு ரூ. 25,000 பாக்கி என்றால் ரூ. 15 லட்சம். இந்தத் தொகைக்கு அத்தாட்சி, கம்ப்யூட்டரில் உள்ள கணக்கு மட்டுமே. அது போய்விட்டால், நல்ல மனிதர்கள் தாங்களாகவே வந்து கொடுப்பார்கள். மற்றவர்கள் "அண்ணாச்சி, போன மாசமே தீர்த்துட்டேனே" என்பார்கள். மறுத்துப் பேச நம்மிடம் என்ன இருக்கிறது? கம்ப்யூட்டரின் விலை அல்ல நம் நஷ்டம். அதற்குள் இருக்கும் பாக்கிதான் நஷ்டம். சரக்கு நனைந்தால் இன்சூரன்ஸ் கேட்கலாம். அழிந்துபோன பாக்கிக் கணக்கை எதைக் காட்டிக் கேட்பது?

சட்டம் என்ன சொல்கிறது?

பல உறுப்பினர்களுக்குத் தெரியாத செய்தி ஒன்று. 2017 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள மத்திய ஜி.எஸ்.டி. சட்டத்தின் 36-ஆவது பிரிவுப்படி, ஓர் ஆண்டின் கணக்குகளையும் பில்களையும், அந்த ஆண்டுக்குரிய ஆண்டு ரிட்டன் தாக்கல் செய்யவேண்டிய கடைசி நாளிலிருந்து 72 மாதம் வைத்திருக்க வேண்டும். 2024-25 ஆண்டுக் கணக்குக்கு அந்தக் கடைசி நாள் 2025 டிசம்பர் 31 என்று கொண்டால், 2031 டிசம்பர் முடிய அது நம் கையில் இருக்கவேண்டும். அப்பீல், விசாரணை ஏதேனும் நடந்துகொண்டிருந்தால் இன்னும் அதிக காலம்.

அதோடு விடவில்லை. அதே சட்டத்தின் விதிகளில் 57-ஆவது விதி, கம்ப்யூட்டரில் வைக்கும் கணக்குக்கு முறையான மாற்றுப் பிரதி வைக்கவேண்டும் என்று நேரடியாகவே சொல்கிறது. விபத்தாலோ இயற்கைச் சீற்றத்தாலோ கணக்கு அழிந்துபோனால், நியாயமான காலத்துக்குள் அதை மீட்டுக் கொடுக்கும்படி அந்தப் பிரதி இருக்கவேண்டும் என்பது விதி. எனவே, அதிகாரி முன் நின்று "ஹார்டு டிஸ்க் போய்விட்டது, ஐயா" என்று சொல்வது சமாதானம் ஆகாது. விதியைக் கடைப்பிடிக்கவில்லை என்பதை நாமே ஒப்புக்கொள்வதாகத்தான் முடியும்.

மூன்று விரோதிகள்

கணக்கை அழிப்பவை மூன்று. முதலாவது, கருவியின் பழுது. ஹார்டு டிஸ்க் என்பது மோட்டார் உள்ள இயந்திரம். நம் ஊர் வெயிலிலும், மாவுத் தூசியிலும், மிளகாய் நெடியிலும், அடிக்கடி போய் வரும் கரண்டிலும் அது ஓடுகிறது. ஒருநாள் நின்றே தீரும். எந்த நாள் என்பதுதான் நமக்குத் தெரியாது. புதுவகை எஸ்.எஸ்.டி.யில் சுழலும் தட்டு இல்லை. ஆனால் அதுவும் பழுதாகும், பழுதானால் பெரும்பாலும் முன்னறிவிப்பே இல்லாமல் பழுதாகும்.

இரண்டாவது, வெள்ளமும் திருடனும். 2015 டிசம்பர் முதல் வாரத்தில் சென்னையில் அடையாற்றுத் தண்ணீர் கடைகளுக்குள் புகுந்ததை மறக்க முடியாது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்டங்களில் பெய்த மழை அதையும் மிஞ்சியது. காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் சுமார் 95 செ.மீ. மழை பதிவானது. தரைத்தளத்தில் இருந்த எதுவும் தப்பவில்லை. இப்படிப்பட்ட நாளில், கம்ப்யூட்டரும் அதன் பக்கத்திலேயே மேஜை டிராயரில் வைத்த பென் டிரைவும் சேர்ந்தேதான் முழுகும். திருடனும் அப்படியே, பெட்டியைத் தூக்குகிறவன் டிராயரையும் திறந்து பார்ப்பான். பக்கத்தில் இருக்கும் பிரதி பிரதியே அல்ல.

மூன்றாவது, பிணைப்பணம் கேட்கும் வைரஸ். 2017 மே 12 அன்று பரவத் தொடங்கிய வானாக்ரை என்ற வைரஸ், சுமார் 150 நாடுகளில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட கம்ப்யூட்டர்களில் புகுந்து, கோப்புகளைப் பூட்டிவைத்து, சாவிக்கு 300 டாலர் கேட்டது. பிரிட்டனில் அரசு மருத்துவமனைகளே தவித்தன. அந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் அதற்கு இரண்டு மாதம் முன்பே, மார்ச் மாதத்தில், வெளியிட்டிருந்தது. போட்டுக்கொண்டவர்கள் தப்பினார்கள். இன்று விண்டோஸ் 10-க்கு வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. நம் கடைகளில் இன்னும் எத்தனை மேஜைகளில் அது ஓடுகிறது என்று அவரவர் பார்த்துக்கொள்ளவேண்டும்.

பென் டிரைவ் ஏன் போதாது?

"தினமும் பென் டிரைவில் எடுத்துக்கொள்கிறோமே" என்று சில உறுப்பினர்கள் சொல்லக்கூடும். எடுப்பவர்களுக்கு நம் பாராட்டு. ஆனால் உள்ளபடி பார்ப்போம். இரவு பத்தரை மணி. காலை ஆறு மணியிலிருந்து நின்ற கால். கல்லா எண்ணி, ரொக்கம் சரிபார்த்து, பையன்களுக்குச் சம்பளம் பட்டுவாடா செய்து, பால் பாக்கெட் ஆர்டர் சொல்லி முடித்த பிறகு பென் டிரைவைத் தேடும் பொறுமை யாருக்கு இருக்கும்? முதல் வாரம் நடக்கும். இரண்டாம் வாரம் ஒரு நாள் விட்டுப்போகும். தீபாவளி வியாபாரம் வந்தால் ஒரு மாதம் விட்டுப்போகும். விபத்தும் அந்த மாதத்தில்தான் வரும், ஏனென்றால் அந்த மாதத்தில்தான் இயந்திரத்துக்கும் ஓய்வில்லை. பண்டிகைக் கால விற்பனையும் பாக்கியும்தான் ஆண்டிலேயே பெரிய தொகை என்பதையும் நினைத்துப் பார்க்கவேண்டும்.

களைத்துப்போன மனிதனின் ஞாபகத்தை நம்பி நடக்கும் எந்த ஏற்பாடும் நிலைக்காது. அது அவர் குற்றமும் அல்ல. ஆகவே நாம் தூங்கும்போது தானாக நடக்கும் ஏற்பாடு தேவை. அதற்குத்தான் நெட்வொர்க் டிரைவ்.

நெட்வொர்க் டிரைவ் என்பது என்ன?

ஒன்றோ இரண்டோ ஹார்டு டிஸ்க் வைத்த ஒரு சிறு பெட்டி. 'நாஸ்' என்று கடையில் கேட்டால் தருவார்கள். அது ஒரு கம்ப்யூட்டரோடு மட்டும் ஒட்டியிருப்பதில்லை. வை-ஃபை தரும் ரூட்டரோடு இணைந்திருக்கும். அந்த வை-ஃபையில் உள்ள எல்லாக் கம்ப்யூட்டர்களும் அதில் எழுதலாம். கீழே கடை, மேலே வீடு என்று இருப்பவர்களுக்கு இது அளவெடுத்துத் தைத்த சட்டைபோல் பொருந்தும். டிரைவை மாடியில், தண்ணீர் எட்டாத உயரத்தில், கடைக்கு வருவோர் கண்ணில் படாத அலமாரியில் வைத்துவிடலாம். கீழே உள்ள கம்ப்யூட்டர் நள்ளிரவில் தானாக அன்றைய கணக்கை மேலே அனுப்பிவிடும். மறுநாள் யாரும் எதையும் நினைவில் வைக்க வேண்டியதில்லை.

இதே பெட்டி வீட்டுக் கம்ப்யூட்டருக்கும் ஆகும். மகள் கல்யாணப் போட்டோ, பிள்ளைகளின் சான்றிதழ், பத்திரம் பட்டாவின் ஸ்கேன் படிகள் எல்லாம் இன்று ஒரு லேப்டாப்பில்தான் இருக்கின்றன. அவையும் அதே பாதுகாப்பைப் பெறும். 2008-இல் ஆப்பிள் கம்பெனி 'டைம் கேப்சூல்' என்று ரூட்டரும் டிஸ்க்கும் சேர்ந்த ஒரே பெட்டியை வீட்டு உபயோகத்துக்கே விற்றது. 2018-இல் அந்த வரிசையை நிறுத்திவிட்டது. ஆனால் அந்த முறை நிற்கவில்லை. இன்று பல கம்பெனிகளின் சிறு நாஸ் பெட்டிகள் அதே வேலையைச் செய்கின்றன. ஒரு தட்டு வைக்கும் சிறிய பெட்டி, கடை வாசலில் வைக்கும் குளிர்பானப் பிரிட்ஜ் வாங்கும் பணத்துக்குள் அடங்கும்.

சில ரூட்டர்களின் பின்னால் யு.எஸ்.பி. துளை இருக்கும். அதில் சாதாரண வெளி ஹார்டு டிஸ்க்கைச் செருகியும் இதைச் செய்யலாம். செலவு குறைவு, வேகமும் குறைவு. ஒரு எச்சரிக்கை: பழைய ரூட்டர்கள் சில, எஸ்.எம்.பி.-1 என்ற பழைய பகிர்வு முறையில் மட்டுமே பேசும். வானாக்ரை புகுந்தது அந்த வழியாகத்தான். விண்டோஸ் அதை மூடிவைத்திருக்கும். "டிரைவ் தெரியவில்லை" என்று சொல்லி யாராவது அதைத் திறந்துவிட வந்தால், சம்மதிக்க வேண்டாம். ரூட்டரை மாற்றுவதே மேல்.

அமைக்கும் முறை

ஒன்று: வயரில்லா டிரைவ் என்று சொன்னாலும் அதற்கு இரண்டு வயர் உண்டு. ஒன்று கரண்டுக்கு, மற்றொன்று ரூட்டருக்கு. டிரைவிலிருந்து ரூட்டருக்கு வயரே இருக்கட்டும். கம்ப்யூட்டர்கள் மட்டும் வை-ஃபையில் வரட்டும். இரண்டையும் மாடியில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒரு சிறு யு.பி.எஸ். கொடுத்துவிடவேண்டும். எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போவதுதான் டிஸ்க்குக்குப் பெரிய பகை.

இரண்டு: முதல் பிரதியை வயர் போட்டு எடுக்கவேண்டும். வீட்டுப் போட்டோ, வீடியோ எல்லாம் சேர்ந்து 200 ஜி.பி. இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். சுவர் தாண்டி வரும் வை-ஃபையில் வினாடிக்கு 5 எம்.பி. கிடைத்தால் 11 மணி நேரத்துக்கு மேல் ஆகும். வயரில் வினாடிக்கு 100 எம்.பி. கிடைத்தால் சுமார் 35 நிமிடம். முதல் நாள் மட்டும்தான் இந்தப் பாடு. மறுநாள் முதல் மாறிய கோப்புகள் மட்டும் போகும். கடைக் கணக்கோ மிகச் சிறியது. 500 எம்.பி. கணக்கு அதே வை-ஃபையில் இரண்டு நிமிடத்துக்குள் போய்விடும்.

மூன்று: வை-ஃபையில் இரண்டு அலைவரிசை உண்டு. 5 கிகாஹெர்ட்ஸ் வேகமானது, ஆனால் கான்கிரீட் தளத்தைத் தாண்டத் திணறும். 2.4 மெதுவானது, ஆனால் தாண்டி வரும். கீழிருந்து மேலே எது நிலையாகக் கிடைக்கிறதோ அதை வைத்துக்கொள்ளலாம். கடை ஒரு தெருவிலும் வீடு வேறு தெருவிலும் இருப்பவர்களுக்கு வை-ஃபை எட்டாது. அவர்கள் டிரைவைக் கடை மாடியிலோ குடோன் பரணிலோ வைத்துவிட்டு, கீழே சொல்லப்போகும் வெளியூர்ப் பிரதியைக் கூடுதல் கவனத்தோடு எடுக்கவேண்டும்.

நான்கு: பில் மென்பொருள் திறந்து ஓடிக்கொண்டிருக்கும்போது அதன் கோப்பை அப்படியே படி எடுத்தால், பாதி எழுதிய பக்கத்தைப் படி எடுத்ததுபோல் ஆகும். கணக்கு மென்பொருள்களில் பேக்கப் எடுப்பதற்கென்றே தனிக் கட்டளை இருக்கும். அதை இயக்கி அல்லது மென்பொருளை மூடிவிட்டுத்தான் படி எடுக்கவேண்டும். அமைத்துத் தருபவரிடம் இதை முதலிலேயே சொல்லிவிடவேண்டும்.

ஐந்து: நேற்றைய பிரதிமேல் இன்றைய பிரதியை எழுதிக்கொண்டே போகக் கூடாது. தவறு நேர்ந்தது நமக்குப் பத்து நாள் கழித்துத்தான் தெரிய வரும். அதற்குள் தவறான கணக்கே பிரதியாகியிருக்கும். தேதி வாரியாக வைக்கவேண்டும். கடைசி ஏழு நாள், கடைசி நான்கு வாரம், கடைசி பன்னிரண்டு மாதம், இவற்றோடு ஒவ்வோர் ஆண்டின் மார்ச் 31 பிரதி. மார்ச் பிரதியை அழிக்கவே வேண்டாம். இந்த ஒழுங்கை மென்பொருளே பார்த்துக்கொள்ளும். ஒருமுறை சொல்லி வைத்தால் போதும்.

ஆறு: டிரைவுக்குத் தனிப் பெயரும் தனிப் பாஸ்வேர்டும் வைத்து, அதைப் பேக்கப் மென்பொருளுக்கு மட்டும் கொடுக்கவேண்டும். கம்ப்யூட்டரில் எந்நேரமும் திறந்த கதவாக அந்த டிரைவைத் தெரியவிடக் கூடாது. கம்ப்யூட்டருக்குள் புகும் வைரஸ், திறந்த கதவு வழியாக டிரைவுக்கும் போய் அதையும் பூட்டிவிடும்.

வேலிக்குள்ளேயே இருக்கட்டும்

டிரைவ் விற்பவர் "வெளியூரில் இருந்தும் செல்போனில் பார்க்கலாம், சார்" என்று ஆசை காட்டுவார். வேண்டாம் என்பதே நம் கருத்து. 2021 ஜூனில் வெஸ்டர்ன் டிஜிட்டல் கம்பெனியின் 'மை புக் லைவ்' என்ற பழைய நெட்வொர்க் டிரைவ்களை, இன்டர்நெட் வழியாகப் புகுந்தவர்கள் ஒரே கட்டளையில் துடைத்தெடுத்தார்கள். பல நாடுகளில் மக்கள் காலையில் எழுந்து பார்க்கும்போது டிரைவ் காலி. 2022 ஜனவரியில் 'டெட்போல்ட்' என்ற வைரஸ், இன்டர்நெட்டுக்குத் திறந்துவைத்திருந்த கியூநாப் டிரைவ்களைத் தேடிப்பிடித்துப் பூட்டியது. பிரதி வைக்க வாங்கிய பெட்டியே பறிபோயிற்று.

ஆகவே டிரைவ் நம் வை-ஃபைக்குள்ளேயே இருக்கட்டும். ரூட்டரோடு வந்த பாஸ்வேர்டை முதல் நாளே மாற்றவேண்டும். டிரைவுக்கு வரும் திருத்தங்களை அவ்வப்போது போடவேண்டும். கம்பெனி திருத்தம் தருவதை நிறுத்திவிட்டால் பெட்டியை மாற்றவேண்டும். வாடிக்கைக்காரருக்கும் பையன்களுக்கும் வை-ஃபை கொடுக்கவேண்டியிருந்தால், ரூட்டரில் உள்ள விருந்தினர் வை-ஃபையைத் தனியே கொடுக்கலாம். வீட்டுக்கு வந்தவரைத் திண்ணையில் உட்காரவைப்போம். பீரோ இருக்கும் அறையில் அல்ல.

இரண்டு தட்டு உள்ள பெட்டியில், ஒன்றில் எழுதுவதை மற்றதும் எழுதிக்கொள்ளும் வசதி உண்டு. 'ரெய்டு' என்பார்கள். "இது இருந்தால் வேறு பேக்கப்பே வேண்டாம்" என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். ஒரு தட்டு பழுதானால் மற்றது கைகொடுக்கும் என்பது உண்மை. ஆனால் கை தவறி ஒரு கணக்கை அழித்தால், இரண்டு தட்டிலும் ஒரே நொடியில் அது அழியும்.

மூன்றாவது படி

பீட்டர் க்ரோக் என்ற அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் தம் தொழிலுக்காகப் பரப்பிய விதி ஒன்று, இன்று எல்லாத் தொழிலுக்கும் பொது விதியாகிவிட்டது. படி மூன்று, வைக்கும் கருவி இரண்டு வகை, அவற்றில் ஒன்று வேறு இடத்தில். கம்ப்யூட்டரில் ஒன்று, மாடி டிரைவில் ஒன்று ஆயிற்று. மூன்றாவதற்கு இரண்டு சிறு வெளி ஹார்டு டிஸ்க் போதும். மாத முடிவில் ஒன்றில் படி எடுத்து, மைத்துனர் வீட்டிலோ வங்கி லாக்கரிலோ வைத்துவிட்டு, அங்கிருந்த பழையதை எடுத்து வரலாம். வயர் கழற்றிய டிஸ்க்கை எந்த வைரஸும் தொட முடியாது. வெளியே போகும் டிஸ்க்கில் வாடிக்கைக்காரர் பெயர், போன் நம்பர், பாக்கி எல்லாம் இருப்பதால் பாஸ்வேர்டு போட்டுத்தான் அனுப்பவேண்டும்.

அந்தப் பாஸ்வேர்டை முதலாளி தம் மனத்தில் மட்டும் வைத்திருப்பது பெரிய ஆபத்து. நாளை அவருக்கு ஒன்று ஆகிவிட்டால், குடும்பத்தார் பெட்டியை வைத்துக்கொண்டு திறக்க முடியாமல் நிற்பார்கள். ஒரு தாளில் எழுதி, உறையில் ஒட்டி, மனைவியிடமோ லாக்கரிலோ கொடுத்து வைக்கவேண்டும். வர வேண்டிய பாக்கியும் குடும்பச் சொத்துதான்.

சில சமாதானங்களும் பதிலும்

"எல்லாம் கூகுள் டிரைவில் இருக்கிறது" என்பவர்கள், அதில் இருப்பது பிரதியா, அல்லது கம்ப்யூட்டரில் நடக்கும் ஒவ்வொரு மாற்றத்தையும் உடனுக்குடன் காட்டும் கண்ணாடியா என்று பார்க்கவேண்டும். கண்ணாடி என்றால், இங்கே அழித்தது அங்கேயும் அழியும். பழைய படிகள் சில நாள் அங்கே கிடைக்கலாம். ஆறு ஆண்டுக் கணக்குக்கு அது போதாது. முறையான பேக்கப்பாக எடுக்கும் இணையச் சேவை நல்லதே. மூன்றாவது படிக்கு அதை வைத்துக்கொள்ளலாம். ஆனால் மாதச் சந்தா நின்றாலும், இன்டர்நெட் அறுந்தாலும், நம் கணக்கு நம் வீட்டில் ஒரு படி இருக்கவேண்டும்.

"ஆடிட்டரிடம் இருக்கிறது, ஜி.எஸ்.டி. தளத்தில் இருக்கிறது" என்பது இன்னொரு சமாதானம். ஆடிட்டரிடம் இருப்பது ஐந்தொகையும் ரிட்டன்களும். வரித் தளத்தில், சில்லறை விற்பனை மொத்தத் தொகையாகத்தான் போகிறது. மூன்றாவது தெருவில் இருக்கும் வீட்டுக்காரர் ரூ. 3,850 தரவேண்டும் என்பது இரண்டிடத்திலும் இல்லை.

"கம்ப்யூட்டர் பையன் பார்த்துக்கொள்கிறான்" என்பது மூன்றாவது. பையன் நல்ல பையனாகவே இருக்கட்டும். கல்லாச் சாவியை அவனிடம் கொடுத்துவிட்டு, எண்ணிப் பார்க்காமல் இருப்போமா?

எடுத்தது போதாது, திரும்ப வரவேண்டும்

பேக்கப் எடுக்கும் கடைகளில் கூட நடக்கும் பிழை ஒன்று உண்டு. ஒரு நாளும் அதைத் திறந்து பார்த்திருக்க மாட்டார்கள். டிரைவ் நிறைந்து ஆறு மாதம் முன்பே படி எடுப்பது நின்றிருக்கும். பாஸ்வேர்டு மாற்றியதால் ஒன்றும் போகாமல் இருந்திருக்கும். பச்சை விளக்கு எரிகிறதே என்று நாம் நிம்மதியாக இருப்போம்.

மூட்டைக்குள் கூரூசி போட்டு அரிசியை எடுத்துப் பார்க்காமல் நாம் கொள்முதல் செய்வதில்லை. பிரதிக்கும் அதே சோதனை வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை, கடைக் கம்ப்யூட்டரைத் தொடாமல், வீட்டு லேப்டாப்பில் அந்தப் பிரதியை ஏற்றி, நேற்று இரவு வரை பில் இருக்கிறதா, பத்து வாடிக்கைக்காரர் பாக்கி சரியாக இருக்கிறதா என்று பார்க்கவேண்டும். அரை மணி வேலை. சித்திரை முதல் நாள் புதுக்கணக்கு எழுதும்போது ஒருமுறை, ஆயுத பூஜைக்கு ஒருமுறை, நடுவில் இரண்டு முறை என்று நாள் குறித்துக்கொண்டால் மறக்காது.

சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள்

இதை ஒவ்வொரு கடைக்காரரும் தனித்தனியே செய்யத் தொடங்கினால், விற்பனையாளர் சொன்ன விலை, அமைத்துத் தருபவர் சொன்ன கூலி என்றுதான் முடியும். எடைக்கல் முத்திரை, தொழில் உரிமம் ஆகியவற்றில் உறுப்பினர்களுக்கு வழிகாட்டுவதைப் போல இதிலும் சங்கம் முன்வரவேண்டும். நம் ஊர்ச் சங்கங்கள் மூன்று காரியம் செய்யலாம். முதலாவது, சங்க அலுவலகத்தில் ஒரு டிரைவை அமைத்து, சனிக்கிழமை மாலைகளில் உறுப்பினர்களுக்கு நேரில் காட்டலாம். இரண்டாவது, ஊரில் உள்ள நம்பிக்கையான இளைஞர்கள் இருவரைத் தேர்ந்து, அமைப்பதற்கும் மூன்று மாதச் சோதனைக்கும் ஒரு நியாயமான கூலியைப் பேசி நிர்ணயிக்கலாம். மூன்றாவது, மே 5 வணிகர் தினக் கூட்டத்தில் இதற்கென அரை மணி ஒதுக்கலாம். இவை எதிலும் சங்கம் ஒரு கம்பெனிக்கு ஏஜென்டாக மாறிவிடக் கூடாது. கமிஷன் வாங்கிய வாய் நல்ல யோசனை சொல்லாது.

பெரிய நிறுவனங்களுக்கு இதையெல்லாம் பார்க்கத் தனி ஆட்கள் உண்டு. கம்பெனிகள் தம் கணக்கின் மாற்றுப் பிரதியை நாள்தோறும் இந்தியாவில் உள்ள சர்வரில் வைக்கவேண்டும் என்று 2022 ஆகஸ்டிலேயே விதி திருத்தப்பட்டுவிட்டது. நமக்கு ஆள் இல்லை; சம்பளத்துக்கு வைக்கவும் முடியாது. மூலைக் கடையிலும் மண்டியிலும் கணக்கைக் காக்கும் பொறுப்பு முதலாளி தலையில்தான் இருக்கிறது. வாடிக்கைக்காரர் நம்மை நம்பிக் கணக்கு வைக்கிறார். மொத்த வியாபாரி நம் நாணயத்தை நம்பிச் சரக்கு அனுப்புகிறார். அந்த நாணயத்துக்கு எழுத்து வடிவ அத்தாட்சி நம் கணக்கு. அதை ஒரே ஒரு தட்டை நம்பி விட்டுவைக்கக் கூடாது.

இந்த இதழைப் படித்து முடித்ததும், உங்கள் கணக்கின் கடைசிப் பிரதி எந்தத் தேதியுடையது, இப்போது எந்த இடத்தில் இருக்கிறது என்று கடையில் கேட்டுப் பாருங்கள். உடனே பதில் வராவிட்டால், வருகிற அமாவாசைக்குக் கடை மூடும் நாளிலேயே வேலையைத் தொடங்கிவிடுங்கள்.

வாழ்க வணிகம்! வளர்க ஒற்றுமை!